மூன்றாம் மாடிக்கு ஒரே கை

“அப்பா, உங்க ரத்தம் எப்படிப்பா தையல் அத்தை கையில ஓடும்?”

பேருந்து ஓட்டுநரின் சின்ன மகள் இப்படிக் கேட்டபோது மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் கூடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தையல் அக்கா உட்கார்ந்து இடது கையை முக்காலியின் மேல் நீட்டியிருந்தார். முழங்கைக்கு மேலே சுற்றியிருந்த நீலப் பட்டை புஸ்ஸென்று உப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஓட்டுநர் தன் பெயர் போட்ட அட்டையை அப்போதுதான் ரத்த அழுத்த இயந்திரத்தில் தொட்டுக் காட்டியிருந்தார். அட்டை அவருடையது. கை அக்காவுடையது.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“உங்கப்பா ரத்தம் ஓவர்டைம் பாக்குது பாப்பா. அதான் அதுக்குப் பதிலா அத்தை ரத்தத்தை டூட்டிக்கு அனுப்பியிருக்கோம்” என்றார் ஸ்பேனர். அவர் பணிமனையில் மெக்கானிக். தலையணைக்கு அடியில்கூட ஸ்பேனர் வைத்துத் தூங்குவார் என்று யாரோ கிளப்பிவிட்டதில் வந்த பெயர்.

“சிரிக்க வைக்காதீங்கப்பா, கை ஆடுது” என்றார் அக்கா.

ஓட்டுநரும் சிரித்தார். ஆனால் குழந்தைகளின் சில கேள்விகளைச் சிரித்து அனுப்பிவிட முடியாது. அவை போவதுபோலப் போய், வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அது பேருந்துப் பணிமனைக்காரர்களின் குடியிருப்பு. நான்கு மாடி, கீழ்த்தளத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையம். அங்கே ஒரே ஒரு சிஸ்டர். அவருக்குக் குரல் மெல்லியது, நடை வேகமானது. நோய் வந்தபின் ஓடுவதைவிட வருமுன்னே பார்ப்போம் என்று அந்த வட்டாரம் முழுக்க ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். மாடிக்கு ஒரு ரத்த அழுத்த இயந்திரம். துணிப்பையில் போட்டு வீட்டுக்கு வீடு அது நகரும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தன் அட்டையைத் தொட்டு, பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தவேண்டும். எண் தானாகவே கீழே சிஸ்டரின் திரைக்குப் போய்விடும். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு. எந்தத் தெருவில் அழுத்தம் ஏறுகிறது, எந்த ஊரில் உப்பு கூடுகிறது என்று அங்கே இருப்பவர்கள் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார்கள். எண் கூடினால் சிஸ்டர் படியேறி வருவார்.

நல்ல திட்டம்தான். ஆனால் தொடங்கிய புதிதிலேயே இரண்டாம் மாடி ஓட்டுநர் ஒருவருக்கு எண் ஏறியது. அவரைப் பேருந்திலிருந்து இறக்கிப் பணிமனை வாசலில் கேட் திறக்கப் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. “மெஷின்ல சிவப்பு வந்தா ஸ்டீயரிங் போச்சு.” பேச்சு படியேற மின்தூக்கி வேண்டியதில்லை. அன்றைக்கே மூன்றாம் மாடிக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நம் ஓட்டுநர் பேருந்தில் காலை நடையை முடித்துவிட்டு உடுப்போடு வந்து நின்றார். வாரங்களாகப் பின்மண்டையில் ஒரு கனம். அது என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை.

“சட்டைக் கை மேல ஏறலக்கா. துவைச்சுத் துவைச்சு சுருங்கிடுச்சு. இன்னிக்கு மட்டும் உங்க கையைக் குடுங்க.”

பணிமனை உடுப்புகளைத் தைப்பவரே அந்த அக்காதான். துணி சுருங்குமா சுருங்காதா என்று அவருக்குத் தெரியாதா?

“சட்டை சுருங்கல தம்பி, நீதான் விரிஞ்சிட்டே” என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த பயத்தையும் பார்த்தார். “கைதானே? எடுத்துக்கோ” என்று நீட்டிவிட்டார்.

அக்காவின் எண் பச்சையாக வந்தது. அவர் ஒல்லி, உப்பு குறைவாகச் சாப்பிடுகிறவர், கணவர் போனபின் தனியாகத் தையல் இயந்திரத்தோடு வாழ்கிறவர். அந்தப் பச்சையைப் பார்த்து நடத்துனர் விசில் வந்தார். அவரை வீட்டில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பின்னால் ஸ்பேனர். பிறகு மற்றவர்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கு இல்லையென்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. இப்படியாக மூன்றாம் மாடி முழுவதற்கும் ஒரே கை என்றாயிற்று. யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. கெடுதல் நினைக்காமலே கெடுதல் செய்ய முடியும் என்பதைத்தான் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வட்டாரத்திலேயே ஆரோக்கியமான மாடி அதுதான் என்று திரை சொன்னது. படிக்கட்டின் மேல்முனையில் ‘முன்மாதிரி மாடி’ என்று அச்சடித்த பாராட்டுத் தாளை ஒட்டினார்கள். திட்டத்தின் மேலிடத்திலிருந்து சுகாதார அதிகாரிகள் நாலைந்து பேர் பார்க்கவே வந்துவிட்டார்கள்.

“நீங்க அப்படி என்னதான் சாப்பிடறீங்க?” என்று கேட்டார் ஒரு கண்ணாடிக்காரர்.

“அளவா சாப்பிடுவோம் சார்” என்றார் விசில். அவர் வயிறு அவருக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

“உடற்பயிற்சி?”

“மாடிப்படிதான் சார். லிஃப்ட் இல்லாதது எங்களுக்கு ஒரு வரம்.”

“கோபதாபம்?”

“அதெல்லாம் கீழ் மாடியோட நின்னுடும்” என்றார் ஸ்பேனர்.

கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டார். சிஸ்டரின் முகம் பெருமையில் மின்னியது. அந்தப் பெருமையைப் பார்க்கத்தான் ஓட்டுநருக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் தன் காலணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மழைக்காலம் முடியும் சமயம் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைத் தந்தார்கள். புதியது அழுத்தத்தோடு துடிப்பின் ஒழுங்கையும் பார்க்கும். தாளம் தப்பினால் திரையில் ஓர் உடைந்த கோடு வரும். அடுத்த வாரமே சிஸ்டர் படியேறி வந்தார். முகத்தில் குழப்பம்.

“மூணாவது மாடி முழுக்க உடைஞ்ச கோடு வருது. ஒரு வீடு பாக்கியில்ல. எல்லாருக்கும் துடிப்பு ஒரே மாதிரி தப்புது.”

ஸ்பேனர் தொண்டையைக் கனைத்தார்.

“ஒத்துமையான மாடி சிஸ்டர்.”

“விளையாடாதீங்க. ஒருத்தருக்கு மட்டும் வந்திருந்தா நான் ஓடி வந்திருப்பேன். துடிப்பு இப்படித் தப்பினா ரத்தம் உள்ளேயே கட்டிக்கும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். உசிருக்கே ஆபத்து. ஆனா இத்தனை பேருக்கு ஒரே வாரத்துல எப்படி வரும்? மெஷின்லதான் கோளாறு. நல்லவேளை.”

“அதேதான்! மெஷின்தான்!” என்றார் விசில், வேகமாக.

“ரிப்பேருக்கு அனுப்பறேன். வர்ற வரைக்கும் உங்களுக்கு லீவு.” சிஸ்டர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அக்காவும் சிரித்தபடி உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி தாழ்வாரத்திலேயே நின்றார். உடைந்த கோடு எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்ததென்றால் அது ஒரே ஒருவருடையது. இதைக் கணக்குப் போட பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஸ்பேனருக்கும் விசிலுக்கும்கூடத் தெரிந்திருக்கும். தெரிந்ததைத் தெரியாததுபோல மடித்து வைப்பது எத்தனை சுலபம்!

மறுநாள் பேருந்தை எடுக்கும்முன் வழக்கம்போல ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். அன்றைக்கு வேண்டுதல் வரவில்லை. ஒரு பழைய சண்டைதான் நினைவுக்கு வந்தது. ஒருமுறை வண்டியில் எண்ணெய் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பணிமனையில் விட்டு எடுத்தபோது விளக்கு எரியவில்லை. பாதி வழியில் இன்ஜின் திணறி நின்றது. பார்த்தால், புதிதாக வந்த பையன் ஒருவன் எண்ணெய் ஊற்றாமல் பல்பைக் கழற்றிவிட்டிருக்கிறான். “விளக்கு உன்கிட்ட என்னடா சண்டை போட்டுச்சு? உள்ளதைத்தானே சொல்லிச்சு?” என்று பணிமனை அதிரக் கத்தியவர் இவர்தான்.

இப்போது சிஸ்டரின் தோளில் போனது எந்த பல்பு?

அன்று பகல் நடை முடிந்து வீடு திரும்பும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் தையல் அக்கா நின்றுகொண்டிருந்தார். காய்கறிப் பை படியில். ஒரு கை சுவரில். முன்பெல்லாம் துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுகிறவர்.

“என்னக்கா, இங்க நின்னுட்டீங்க?”

“பை கனம் தம்பி. வெங்காயம் நிறைய வாங்கிட்டேன்.”

ஓட்டுநர் பையைத் தூக்கினார். பையில் ஒரு கட்டு கீரையும் ஒரு ரொட்டியும்தான் இருந்தன.

“அக்கா, மெஷின் கெட்டுப்போகல.”

அக்கா இரண்டு படி ஏறினார்.

“உங்களுக்கே தெரியுதில்ல? கீழ போய் சிஸ்டர்கிட்ட நெஞ்சைக் காட்டுங்க. நான் கூட வரேன்.”

“காட்டினா?” அக்கா திரும்பினார். முகத்தில் கோபமில்லை. “எனக்கு இருக்குன்னு தெரிஞ்சா, மத்தவங்களுக்கு எப்படி அதே கோடு வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு கேக்க மாட்டாளா? அவ மெதுவா பேசுவா, ஆனா முட்டாள் இல்ல. உன்னை இறக்குவாங்க. விசிலை இறக்குவாங்க. ஸ்பேனர் வீட்ல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. நான் ஒருத்தி. எனக்காக ஒரு மாடியே படியிறங்கணுமா?”

“உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“கடவுள் பாத்துக்குவார்.”

“அவர் பாத்துட்டுதான் அந்தக் கோட்டைக் காட்டியிருக்கார்க்கா.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாத்தான் பேசறே. பையைக் குடு” என்று வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார்.

மாலையில் ஓட்டுநர் ஸ்பேனரையும் விசிலையும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போனார். துணி காயும் கம்பிகளுக்கு நடுவே மூவரும் நின்றார்கள்.

“எல்லாருமா சேர்ந்து போய் சொல்லிடலாம்” என்றார் ஓட்டுநர்.

“சொல்லலாம். யார் வேணாம்னா?” என்றார் விசில். “ஆனா இந்த மாசம் போகட்டுமே. லீவு நாள் கூட்டம் வருது. வண்டியில ஆள் பத்தாது.”

“அக்கா நெஞ்சு லீவு நாள் பாத்துத் துடிக்குமா?”

“மெஷின் ரிப்பேர்லேர்ந்து வரட்டும்ணே” என்றார் ஸ்பேனர். அவர் ஓட்டுநரைப் பார்க்காமல் கம்பியில் தொங்கிய யாருடைய சட்டையையோ பார்த்துப் பேசினார். “ஒருவேளை நிஜமாவே மெஷின்தானோ என்னவோ.”

“நீ மெக்கானிக். நீ சொல்லு. எந்த வண்டியில வெச்சாலும் மீட்டர் ஒரே மாதிரி காட்டினா, மீட்டர்ல கோளாறுன்னு சொல்லுவே, சரி. வண்டியை மாத்தவே இல்ல, நம்பர் பலகையை மட்டும் மாத்தி மாத்தி மாட்டினோம்னா?”

ஸ்பேனர் கம்பியில் தொங்கிய சட்டையை இழுத்துச் சரிசெய்தார். கெட்டவர்கள் இல்லை அவர்கள். பயந்தவர்கள். பயந்தவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். அதனாலேயே அப்படிச் சொல்லக்கூடாது. ஓட்டுநர் அவர்களோடு மேலும் வாதாடவில்லை. அவருக்கும் அதே பயம்தானே. மாடிக்கே இந்த வழியைக் காட்டியது அவருடைய சட்டைக் கைதானே.

மறுநாள் காலையில் பணிமனை உடுப்பு போடாமல் உட்கார்ந்திருந்தவரை மனைவி பார்த்தாள்.

“டூட்டி இல்லையா?”

“இருக்கு. முதல்ல கீழ போறேன்.”

எதற்கென்று அவள் கேட்கவில்லை. வாரங்களாக அவர் பின்மண்டையை அழுத்திப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பழைய அரைக்கைச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். “இதைப் போட்டுக்கங்க. இதுல கை நல்லா வெளிய தெரியும்” என்றாள். குரலில் கேலி இருந்தது. கண்ணில் அது இல்லை.

சுகாதார நிலையத்தில் சிஸ்டர் அப்போதுதான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. ஓட்டுநர் எதிரே உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்தார். கனமான ஒரு பொருளை இறக்கி வைப்பதுபோல வைத்தார்.

“சிஸ்டர், இதுதான் என் கை.”

“தெரியுது. அதுக்கென்ன?”

“இதை நீங்க இதுவரைக்கும் பாத்ததே இல்ல.”

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தார். ஓட்டுநர் தன்னைப் பற்றி மட்டும் சொன்னார். தன் அட்டைக்கு நீட்டிய கை யாருடையது என்று சொன்னார். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சிஸ்டரின் முகத்தில் ஒவ்வொரு வீடாகக் கதவு திறப்பது தெரிந்தது.

சிஸ்டர், “எத்தனை பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க” என்றார். குரல் உடைந்து, உடனே ஒரு சிரிப்பும் கூடவே வந்தது. “அளவா சாப்பிடுவோம் சார்! கடவுளே!”

“திட்டுங்க சிஸ்டர். திட்டிட்டு முதல்ல மேல போய் அக்காவைப் பாருங்க.”

“முதல்ல கையைக் குடுங்க.”

பட்டை உப்பியது. எண் வந்தது. சிஸ்டர் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நல்ல சிவப்பு.

“இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் ஒரு பஸ் நிறைய ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போனீங்க?”

இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளாமலே இருந்தார். தலை குனிந்தது. “ஸ்டீயரிங் போயிடும்னு...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

“இன்னிக்கு ஓட்டக்கூடாது. டாக்டர்கிட்ட நான் பேசறேன். அந்த ரெண்டாவது மாடிக்காரரை ஏன் இறக்கினாங்க தெரியுமா? மாத்திரை குடுத்தாங்க, அவர் ஜன்னல் வழியா வீசிட்டாரு. அதுக்குத்தான். மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் இறங்கினா திரும்ப வண்டி உண்டு. இதை யாரும் வந்து கேக்கவே இல்லையே என்கிட்ட.” சற்று நின்று, “நானும் வந்து சொல்லல. எண்ணு பச்சையா இருந்தா மேல ஏறி வர வேண்டாம்னு இருந்துட்டேன்” என்றார்.

பிறகு நெஞ்சுத் துடிப்பை வரைந்து காட்டும் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியேறினார். ஓட்டுநர் பின்னால் போகவில்லை.

அக்காவிடம் சிஸ்டர் என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு அக்காவே எல்லோரிடமும் சொல்லி வியந்தார். “மெஷின் சரியாத்தான் இருக்கு, உங்க நெஞ்சைத்தான் பாக்க வந்தேன்னு சொன்னா. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். ‘கோடு சொல்லிச்சு’ன்னா. வேற ஒரு வார்த்தை வாங்க முடியல.” பெட்டி வரைந்த கோட்டைப் பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவர் தன் அறையில் இருந்தபடியே பார்த்தார். அன்று மதியமே அக்காவை வண்டி வந்து அழைத்துப்போனது. நேரத்தோடு தெரிந்தது நல்லது, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை போதும், துடிப்பையும் அடக்கிவிடலாம், தைக்கலாம், படியேறலாம், என்றார்களாம்.

இனி நடந்ததுதான் வேடிக்கை. அக்கா மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஒரு காலை, கதவு திறக்குமுன்னே விசில் சுகாதார நிலையத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஸ்பேனர் வந்தார். விசிலைப் பார்த்ததும் திரும்பிப் போகலாமா என்று யோசித்து, முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன இந்தப் பக்கம்?” என்றார்.

“பல்லு வலி. நீ?”

“கால்ல முள்ளு.”

அதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குக் காது அடைப்பாம், ஒருவருக்குத் தும்மலாம். சிஸ்டர் கதவைத் திறந்து பார்த்தபோது பெஞ்சு நிறைந்திருந்தது. வெளியே பேசியதெல்லாம் அவருக்கு உள்ளேயே கேட்டிருந்தது.

“பல்லு வலிக்காரர் முதல்ல வாங்க. கையை நீட்டுங்க” என்றார்.

அன்று மாலை திரையில் மூன்றாம் மாடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தது. வட்டாரத்திலேயே ஆரோக்கியமான மாடி ஒரே நாளில் கடைசிக்கு வந்துவிட்டது. பாராட்டுத் தாளைக் கிழிக்க ஸ்பேனர் நாற்காலி போட்டு ஏறினார். சிஸ்டர் தடுத்தார். “இருக்கட்டும். இப்பதான் நீங்க முன்மாதிரி” என்றார். மேலிடத்துக்குத் தன் கணக்கு தவறியதை அவர் மறைக்காமல் எழுதி அனுப்பினார். அதற்கு வந்த பதில் திட்டு இல்லை. ஓட்டுநர்களின் பயத்தை முதலில் போக்காமல் இயந்திரத்தைக் கொடுத்தது நம் பிழை என்று கண்ணாடிக்காரர் எழுதியிருந்தார். பிறகு பணிமனை மருத்துவரே குடியிருப்புக்கு வந்து, மாத்திரை சாப்பிடுகிறவன் வண்டி ஓட்டலாம், மறைக்கிறவன்தான் ஓட்டக்கூடாது என்று எல்லா மாடிக்கும் புரியும்படி சொன்னார். மற்றப் பணிமனைகளுக்கும் அப்படியே போய்ச் சொன்னார்களாம்.

ஓட்டுநருக்குக் கேட் வேலை கொடுத்தார்கள். வெளியே போகும் ஒவ்வொரு பேருந்துக்கும் அவர் சங்கிலியை அவிழ்த்து வழிவிட்டார். முதல் நாள் தன் பேருந்தை வேறொருவர் ஓட்டிப்போவதைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பழகியது. காலையில் வண்டி எடுப்பவர்களிடம், “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் சங்கிலியைத் தொடுவார். “போட்டாச்சு போலீஸ்காரரே” என்று கத்திக்கொண்டே போவார்கள். சாயங்காலங்களில் விசில் முன்னே ஊதிக்கொண்டு போக, மூன்றாம் மாடியின் ஆண்களும் பெண்களும் பணிமனை மதிலைச் சுற்றி நடந்தார்கள். மற்ற மாடிக்காரர்கள் சன்னலில் நின்று கேலி செய்தார்கள். பிறகு அவர்களும் இறங்கி வந்தார்கள். ஓட்டுநரின் மனைவி உப்பு டப்பாவை எட்டாத உயரத்தில் ஏற்றிவைத்தாள். மாடிக்குத் திரும்பி வந்த இயந்திரத்தில் சிவப்பு மஞ்சளாயிற்று. ஒவ்வொன்றாகப் பச்சையும் எட்டிப் பார்த்தது.

அக்கா திரும்பி வந்து பழையபடி தைக்க ஆரம்பித்தார். யார் சிஸ்டரிடம் சொன்னது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. ஓட்டுநரும் சொல்லவில்லை. படியில் எதிர்ப்பட்டால், “என்ன தம்பி, நம்பர் எவ்வளவு?” என்பார். “இறங்குதுக்கா. உங்க தாளம்?” “நீ பாட்டு பாடினா ஆடற அளவுக்கு இருக்கு.” அவ்வளவுதான் பேச்சு.

மருத்துவர் கையெழுத்துப் போட்டு, நாளை முதல் வண்டி எடுக்கலாம் என்று சொன்ன மாலை, ஓட்டுநர் தன் பழைய உடுப்புகளைத் தேடினார். கொடியில் இல்லை. அலமாரியில் இல்லை. மனைவிக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் பால் எடுக்கக் கதவைத் திறந்தார். கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே அவருடைய உடுப்புகள், தேய்த்து மடித்து. மேலே இருந்த சட்டையை விரித்தார். மற்ற எதுவும் மாறவில்லை. இடது கை மட்டும் பிரிக்கப்பட்டு, உள்ளே அதே நிறத்தில் ஒரு பட்டைத் துணி வைத்து அகலமாக்கப்பட்டிருந்தது. பொத்தானைக் கழற்றினால் தோள் வரை தடையில்லாமல் சுருட்டும்படி ஒரு திறப்பு. எந்தச் சட்டையை எடுத்தாலும் அப்படியே. பையில் துண்டுக் காகிதம்கூட இல்லை.

தாழ்வாரம் காலியாக இருந்தது. எதிரே அக்காவின் கதவு மூடியிருந்தது. உள்ளே தையல் இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போய்த் தட்டவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டன்களை மாட்டினார். வீட்டில் மற்றவர்கள் இன்னும் எழவில்லை. அன்றைக்கு இயந்திரம் அவர்கள் வீட்டு முறை. மேசையில் இருந்த துணிப்பையைப் பிரித்து, அட்டையைத் தொட்டு, இடது கைப் பொத்தானைக் கழற்றினார். கை தானாகச் சுருண்டு மேலே போயிற்று. நீலப் பட்டையைச் சுற்றி இயந்திரத்தின் பொத்தானை அழுத்திவிட்டு, கை ஆடாமல் உட்கார்ந்தார்.